மூடி வைத்த வயோலா

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று அத்தையை விமானம் ஏற்றிவிட்டு இரவோடு இரவாக மலையேறி வந்தோம். மகள் தாரிணிக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போகிறார். மினியாபோலிஸ் என்ற ஊர். குளிரில் நம் ஊட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுமாம். பிரபா சொன்னார். அத்தையின் பெட்டியில் பாதி இடத்தைப் பிரசவ லேகியமும் சுக்கும் பூண்டும் பிடித்துக்கொண்டன.

தாரிணி இப்போதுதான் எனக்கு நாத்தனார். அதற்கு முன்பு கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரே அறை. அவளைப் பார்க்க வந்த அண்ணன் பிரபாதான் இப்போது என் கணவர். கோவில்பட்டியிலிருந்து நான் கொண்டுபோன 'ஏட்டி' என்ற விளிப்பை என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, என்னையே அப்படிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தவள். அவள் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் நான் இங்கே இருக்கிறேன்.

எனக்கு விட்டுப்போன பொறுப்பு: மாமா, பிரபா, வாசற்படி இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் வயோலாப் பூத்தொட்டிகள். மாமாவையும் பிரபாவையும் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டிகளைப் பற்றி கார் கிளம்பும் வரை சொன்னார். "தண்ணிய வேர்ல ஊத்து, பூவுல ஊத்தாத. வாடின பூவக் கிள்ளிடு. பனி வந்தா மூடு." இரண்டு வருஷமாக ஏப்ரல் மாத வீட்டுத் தோட்டப் போட்டியில் முதல் கோப்பை அத்தைக்கு. எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு இரண்டாவது. ஸ்டெல்லா டீச்சர் இன்று காலையே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அம்மா போயாச்சா?" என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

பனி வந்துவிட்டது. உறைபனியை இதற்கு முன் ஃப்ரிட்ஜுக்குள்தான் பார்த்திருக்கிறேன். காலையில் புல் முழுக்க வெள்ளையாக இருந்தது. நடந்தால் நொறுங்கியது.

அத்தை சொன்னபடி மூடினேன். கோத்தகிரிப் பக்கமிருந்து கட்டுக்கட்டாக வரும் மிலார் தழையை மார்க்கெட்டில் வாங்கி வந்து ஃபுச்சியா, ஜெரேனியம் எல்லாவற்றுக்கும் போர்த்தினேன். வயோலாவுக்கு அது போதாது என்று தோன்றியது. கோப்பை வாங்கும் செடியாயிற்றே. எல்லாத் தொட்டிகளையும் கார் ஷெட்டுக்குள் நகர்த்தி, மேலே மிலார் போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் கட்டினேன். இடுப்பு போய்விட்டது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாரிணிக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்குகிறது, அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

பெண் குழந்தை. சுகப் பிரசவம். நான் அத்தையாகிவிட்டேன். மாமா தெரு முழுக்க சர்க்கரை கொடுத்தார். ஸ்டெல்லா டீச்சர் வாங்கிக்கொண்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஞாயிறு காலை நமக்கு ஒன்பது மணி என்றால் அங்கே சனி இரவு. அந்த நேரத்தில் வீடியோ காலில் பேசுவது என்று ஏற்பாடு. அத்தை குழந்தையின் முகத்தைத் திரை முழுக்கக் காட்டினார். மூக்கு மாமாவுடையது. பாவம். தாரிணி தூங்குகிறாளாம்.

வயோலா நன்றாக வளர்கிறது. அத்தை விட்டுப்போனபோது ஒரு சாண்கூட இல்லை. இப்போது தொட்டியைவிட உயரம். மாமாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "ம்" என்றார். மின்வாரியத்தில் கம்பங்களைப் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவருக்குச் செடியின் வளர்த்தி எங்கே தெரியப்போகிறது?

டிசம்பர் 31, செவ்வாய்

சாய்கின்றன. தண்டு நூலாக இருக்கிறது. கீழ் இலைகள் மஞ்சள். பூ சிறுத்துவிட்டது. வாடிய பூவைக் கிள்ளச் சொன்னார்தான். வாடினாலும் பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தேன்.

சத்து போதவில்லை போலிருக்கிறது. முட்டைக்கோசுக்கு என்று பிரபா வாங்கி வைத்த யூரியாவில் தொட்டிக்கு ஒரு கரண்டி போட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

யூரியா வேலை செய்கிறது. இன்னும் நீளமாகிவிட்டன. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன.

இன்று அத்தை, "வயோலாவக் காட்டு" என்றார். கேட்பார் என்று தெரியும். அதனால் நேற்றே தென்னை விளக்குமாற்றிலிருந்து குச்சி உருவி, நல்ல தண்டாக நாலைந்தைப் பார்த்து நிமிர்த்திக் கட்டி, அந்த ஒரு தொட்டியை மட்டும் வெளியே வெயிலில் கொண்டுவந்து வைத்திருந்தேன். போனைப் பூவுக்கு மிகப் பக்கத்தில் பிடித்தேன். ஊதாவும் மஞ்சளுமாகத் திரை முழுக்கப் பூ. நூல் தண்டு எதுவும் தெரியவில்லை. "பரவாயில்லையே" என்றார் அத்தை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபின் அவரிடமிருந்து நான் வாங்கிய முதல் பரவாயில்லை. பொய்யாக வாங்கினாலும் இனித்தது.

தாரிணி குளிக்கிறாளாம்.

ஜனவரி 10, வெள்ளி

தாரிணிக்கு அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. படித்துவிட்டாள் என்று நீல டிக் காட்டுகிறது. குழந்தைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறாய் என்று கேட்டிருந்தேன். அதற்குக்கூட இல்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததில் உள்ளுக்குள் ஏதாவது இருக்கிறதோ என்னவோ. இருக்கட்டும். எனக்கும் ரோஷம் உண்டு. இனிமேல் அவளாகக் கூப்பிட்டால்தான்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பால் நன்றாகப் பொங்கியது. ரோஷத்தைப் பொங்கலுக்காகத் தள்ளிவைத்துவிட்டு வாழ்த்து அனுப்பினேன். நீல டிக்.

ராத்திரி சாப்பிட்டபின் பிரபா அவர் அம்மாவைக் கூப்பிட்டார். அங்கே காலை ஒன்பதைத் தாண்டியிருக்கும். பழக்கம் போலக் குழந்தை முகம். பின்னால் மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜனவரி 18, சனி

ஸ்டெல்லா டீச்சர் கேக் பாத்திரம் கேட்டு வந்தவர், நேராகக் கார் ஷெட் பக்கம் போய்விட்டார். தடுப்பதற்குள் பிளாஸ்டிக் தாளைத் தூக்கிவிட்டார்.

"என்னம்மா இது, வயோலாவா? கொடின்னு நெனச்சேன்."

நன்றாக வளர்ந்திருப்பதாக நான் சொன்னேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"இது வளர்த்தி இல்லம்மா. வெளிச்சம் தேடி ஓடுது. வயோலாவுக்குப் பனி ஒண்ணும் பண்ணாது. ஃபுச்சியாவ மூடணும், இதை யாரு மூடுவா?"

பிறகு குனிந்து மண்ணைப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். யூரியாவா என்றார். ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் குறை. இலைக்கான உரம் அது, இருட்டில் வைத்து அதையும் போட்டால் தண்டுதான் நீளும் என்று விளக்கினார். எல்லாவற்றையும் வெயிலில் வைக்க வேண்டுமாம். மண்ணிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு, இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட வேண்டுமாம். பூ, மொட்டு, எதையும் பார்க்கக் கூடாதாம். அடியிலிருந்து புதுத் தளிர் வருமாம்.

கேட்டுக்கொண்டேன். மிச்சம் இருக்கும் பூவையும் வெட்டிப் போடச் சொல்வது யார்? இரண்டாவது கோப்பைக்காரர். நான் கோவில்பட்டிதான், ஆனால் அவ்வளவு வெகுளி இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஒரே ஒரு தொட்டியை மட்டும் வெட்டினேன். இருப்பதிலேயே மோசமான தொட்டி. வெட்டியபின் மழித்த தலைபோல இருந்தது. அதை வெளியே வாசற்படியில் வைத்தேன். மற்றவை ஷெட்டிலேயே இருக்கின்றன.

வழக்கமான வீடியோ கால். வழக்கமான குச்சி கட்டிய தொட்டி. தாரிணி பால் கொடுக்கிறாளாம். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அத்தை மடியில் இருப்பது யார் குழந்தை என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

வாசற்படித் தொட்டிக்கு எந்தப் பனியும் எதுவும் செய்யவில்லை. காலையில் இலை மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வெயில் வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்துகொள்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

வெட்டிய இடத்துக்குக் கீழே, மண்ணை ஒட்டிப் பச்சைப் புள்ளிகள். தளிர்தான். கண்ணாடி போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி மனதில் நினைத்ததை எல்லாம் வாபஸ் வாங்கினேன்.

இதையும் எழுதிவிட வேண்டும். காலையில் அத்தையிடம் பேசும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. போனைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். அத்தை போனைக் குழந்தைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். நான் ஏன் இவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அத்தை ஏன்?

அதன்பிறகு நாள் முழுக்க அதே நினைப்பு. குழந்தை பிறந்ததிலிருந்து தாரிணியின் முகத்தை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தூங்குகிறாள், குளிக்கிறாள், பால் கொடுக்கிறாள். பொங்கல் அன்று அங்கே நல்ல காலை நேரம். வெளியே பனி கிடந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று பிரபாதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த அறையில் விளக்கு எரிந்தது. திரை இழுத்து மூடியிருந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

பிரபாவிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியாததா? சும்மா கற்பனை பண்ணாத" என்றார். பிரசவித்தவளுக்குக் காற்று படக் கூடாது, பச்சை உடம்பு, நாற்பது நாள் இருட்டறையில்தான் வைப்பார்கள், தன் சித்திக்குக்கூட அப்படித்தான் காதில் பஞ்சு வைத்து உட்கார வைத்திருந்தார்கள் என்றார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் எங்கள் ஊரில் ஜன்னலை மூடினாலும் ஓட்டு இடுக்கில் வெயில் வரும். யாராவது வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நாற்பது நாளும் போன வாரமே முடிந்துவிட்டது.

தாரிணியின் கணவர் பரணிக்குப் பேசினேன். புது வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். அவள் கொஞ்சம் பேசாமல் இருக்கிறாள், அசதிதான், உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று அத்தை சொல்கிறார் என்றார். நல்ல மனிதர். பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்பவர்.

தாரிணி பேசாமல் இருக்கிறாளாம். ஹாஸ்டலில் வார்டன் வந்து விளக்கை அணைத்த பிறகும் வாய் மூடாதவள். நான் ரோஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இங்கே.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் எழுந்ததும் குச்சியெல்லாம் பிடுங்கிப் போட்டேன். ஷெட்டில் பிளாஸ்டிக்கை எடுத்தேன். மிலாரை எடுத்தேன். எடுத்ததும் எல்லாம் ஒரே பக்கம் சரிந்தன, கதவு இடுக்கை நோக்கி. அங்கேதான் ஒரு கீற்று வெளிச்சம் வருகிறது.

அத்தை கூப்பிட்டதும், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பூவைக் காட்டவில்லை. தொலைவில் நின்று எல்லாவற்றையும் காட்டினேன். மஞ்சள் இலை, நூல் தண்டு, எல்லாம். இந்த மனுஷியிடம் திட்டு வாங்கப் பயந்துதான் ஒரு மாதம் நாடகமாடினேன். இன்றைக்குப் பயம் வேறு.

அத்தை ஒவ்வொரு தொட்டியாகக் காட்டச் சொன்னார். பிறகு, "எப்ப இருந்து இப்படி?" என்றார்.

"டிசம்பர்ல இருந்தே அத்தை."

"ஏன் சொல்லல?"

"திட்டுவீங்கன்னு. பூவ மட்டும் கிட்டக் கிட்டக் காட்டிட்டு இருந்தேன்." போனைத் திருப்பி என் முகத்தைக் காட்டினேன். "அத்தை, நீங்களும் போனைத் திருப்புங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. என்னது என்றுகூடக் கேட்கவில்லை. எழுந்து நடந்தார். திரையில் தரை, கதவு, இருட்டு. பிறகு போனைத் திருப்பினார்.

கட்டிலில் தாரிணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையில் துண்டு, காதில் பஞ்சு. கண் திறந்திருந்தது. "தாரிணி" என்றேன். திரும்பவில்லை. கூந்தல் சிக்குப் பிடித்து ஒரே முடிச்சாக இருந்தது. தினமும் இரண்டு முறை தலை வாருகிறவள் அவள். நான் அழுதுவிட்டேன்.

அத்தை வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "கொழந்தையத் தூக்க மாட்டேங்கறா செண்பகா. தூங்கறதில்ல. நேத்து சொல்றா, இதை நீங்களே வளத்துக்கோங்க, நான் எதுக்குங்கறா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வெளிய சொன்னா அவளப் பைத்தியம்னுடுவாங்கன்னு பயமா இருக்கு." அத்தை அழுது நான் பார்த்ததில்லை. அங்கே யாருமில்லாமல் இந்த ஏழு வாரமும் தனியாக இதைச் சுமந்திருக்கிறார்.

இது பைத்தியம் இல்லை, பிரசவத்துக்குப்பின் பலருக்கும் வருகிற வியாதி, ஆனால் விளையாட்டான வியாதி இல்லை, இன்றே டாக்டரிடம் போக வேண்டும், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள் என்றேன். என் அக்காளின் சிநேகிதி ஒருத்திக்கு இது வந்து, தாமதமாகப் பார்த்ததில் என்ன ஆயிற்று என்பதை அத்தையிடம் சொல்லவில்லை. உடனே பரணிக்குப் போன் போட்டேன். ஷிப்ட்டில் இருந்தார். நான் பேசிய பேச்சில் மரியாதை இருந்ததா என்று தெரியவில்லை. பாதி வேலையில் கிளம்பிவிட்டார்.

பிரபாவும் மாமாவும் ஷெட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரபா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா உள்ளே வந்து தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வெயிலில் வைக்க ஆரம்பித்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆஸ்பத்திரியில் இரவே பார்த்தார்களாம். தாரிணியை அங்கேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வாராவாரம் மனநல ஆலோசகர் ஒரு அம்மாளிடம் பேசப் போக வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் தூக்கம் பழக வேண்டும், ராத்திரிப் பாலை மற்றவர்கள் புட்டியில் கொடுக்கலாம், பகலில் கொஞ்சம் வெளியே நடக்கலாம் என்றார்களாம். உடனே சரியாகாது, வாரக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார்களாம். பரணி ஷிப்ட்டை மாற்றிக்கொண்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அத்தை இன்று பகல் வெளிச்சத்தில் பேச வேண்டும் என்று நமக்கு ராத்திரியில் கூப்பிட்டார். அறை முழுக்க வெளிச்சம். திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டாராம். தாரிணி கோட்டு மாட்டிக்கொண்டு பரணியோடு தெருமுனை வரை போயிருக்கிறாள். அத்தை குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, கை இரண்டும் காலியாக, முதல் தடவையாகத் தன் முகத்தைக் காட்டிப் பேசினார். இளைத்துவிட்டார்.

வயோலாவை வெட்டப் போகிறேன் என்றேன். "ரெண்டு விரல் விட்டு வெட்டு. பூவப் பாத்துப் பாவப்படாத" என்றார். ஸ்டெல்லா டீச்சர் சொன்ன அதே வார்த்தை. டீச்சர்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னேன். "அவளா? அவளுக்குத் தெரியும்" என்றார் அத்தை. பிறகு, "மூடுன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். எதை மூடக் கூடாதுன்னு சொல்லல" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

எல்லாவற்றையும் வெட்டினேன். பழைய யூரியா மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டுத் தொழு உரம் போட்டேன். வெட்டிய பூக்களை டம்ளரில் வைத்து ஒரு கொத்து ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் கொடுத்தேன். ஏப்ரல் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லையா என்று கேட்டார். இந்த வருஷம் அத்தைக்கு வேறு வேலை என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. நல்லவர்.

தாரிணிக்கு மொட்டைத் தொட்டிகளைப் படம் பிடித்து அனுப்பினேன். கூடவே ஒரு வரி: பதில் போட வேண்டாம், சும்மா பார்.

பிப்ரவரி 20, வியாழன்

தினமும் ஒரு படம் போகிறது. நீல டிக் வருகிறது. ரோஷத்தை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாயிற்று. நீல டிக் வந்தால் அன்றைக்கு அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். அது போதும்.

மார்ச் 2, ஞாயிறு

நல்ல வாரமும் கெட்ட வாரமுமாகப் போகிறது. இது கெட்ட வாரம். அவள் நடக்கப் போகவில்லை. அத்தை மறைக்காமல் சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

தொட்டிகள் புதராகிவிட்டன. குட்டை, அடர்த்தி. நான்கு தொட்டி மட்டும் பட்டுப்போயின. அவை மிக நீண்டிருந்தவை. நான் சீக்கிரம் வெட்டியிருக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

மொட்டு. குழந்தைக்கு மகிழினி என்று பெயர் வைத்தார்கள். தாரிணி தேர்ந்தெடுத்ததாம். கேட்டதும் மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று.

மார்ச் 27, வியாழன்

வாசற்படி இரண்டு பக்கமும் பூ. இன்று படத்தைத் தள்ளி நின்று எடுத்தேன், தொட்டி, தண்டு, படி எல்லாம் தெரிகிற மாதிரி. அனுப்பிவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

'ஏட்டி, படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். வலது பக்கம் மூணாவது தொட்டியில குருத்துல பேன் புடிச்சிருக்கு. படம் மட்டும் எடுத்தா போதுமா? செடியப் பாக்க மாட்டியா?'

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது பக்கம், மூன்றாவது தொட்டி. குருத்தைச் சுற்றிப் பச்சையாக, பொடிப்பொடியாக மொய்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ என் கண்ணில் படாதது.

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மாமா எட்டிப் பார்த்து என்னம்மா என்றார். செடியில் பேன் பிடித்திருக்கிறது மாமா, தாரிணி சொன்னாள் என்றேன். அவர் உள்ளே போய் சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தார். இரண்டு பேருமாகத் தெளித்தோம்.